அம்மாவுக்குத் தைத்த பேண்ட்

எங்கள் தெருவில் முதன்முதலாகப் பேண்ட் போட்ட பெண் என் அம்மாதான். இன்றைக்கு ஸ்ரீ சிட்டிக்குப் போகும் கம்பெனிப் பேருந்துகள் நகரியில் வந்து நிற்கும்போது, பேண்டும் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக எத்தனையோ பெண்கள் ஏறிப் போகிறார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் நான் ஐந்தாம் வகுப்புப் படித்த காலத்தில் அது எங்கள் வீட்டுக்குள் பொத்திவைத்த ரகசியமாக இருந்தது. வீட்டில் தெரிந்தவர்கள் அம்மாவும் நானும் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நைனாவுக்கும், அதாவது என் அப்பாவுக்கும், தெரியும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டவை. பின்பக்கத்துத் தறிக்கொட்டகை பெரியப்பாவுடையது. நைனா அதில் விசைத்தறி ஓட்டினார். நூல் விலை ஏறியது, மின்சாரம் நினைத்தபோது போனது, கொட்டகை பாதி நாள் ஓடி பாதி நாள் படுத்துக்கொண்டது. சத்தியவேட்டுப் பக்கம் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அம்மா போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அதன் பிறகுதான் வீட்டில் பேச்சு எழுந்தது.

பெரியப்பா நல்லவர். ஆனால் எந்தக் காரியமும் தன் வாயால் முடிவு செய்யப்பட்டால்தான் அது காரியம் என்று நம்புகிறவர். ஒரு முழு நாள் யோசித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"போறது போ. ஆனா புடவையோட போய் புடவையோட வரணும். நாம புடவை நெய்யற ஜனம். நம்ம வூட்டு பொம்பளையே அத்த அவுத்து வெச்சிட்டான்னா, ஊர்ல எவ வாங்கிக் கட்டுவா?"

அம்மா தலையை ஆட்டினாள். கம்பெனிக்குள் புடவைக்கும் துப்பட்டாவுக்கும் இடமில்லை என்று முந்தின வாரமே அவளிடம் சொல்லியிருந்தார்கள். மெஷினில் ஓடுகிற பட்டையில் முந்தானை மாட்டிக்கொண்டால் கை போய்விடுமாம். நீலப் பேண்ட், அதே நீலத்தில் சட்டை. இல்லையென்றால் வாசலோடு திரும்பிப் போகவேண்டியதுதான்.

கம்பெனி கொடுத்த ரெடிமேட் பேண்டை அம்மா கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தாள். அது கல்யாணமாகாத ஒல்லிப் பெண்களை மனதில் வைத்துத் தைத்தது. இடுப்பு ஏறவில்லை, ஏறாத அந்தப் பேண்டின் கால்களோ தரையில் புரண்டன. பாதி மாட்டிய பேண்டோடு சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்ற கோலத்தைப் பார்த்து நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அதைக் காலிலிருந்து உருவி மடித்து வைத்தாள். அந்த வாரக் கடைசிக்குள் சரியான அளவில் ஒன்று இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அம்மாவுக்கு ரவிக்கை தைக்கிற அக்கா, நாடா வைத்து வேண்டுமானால் தைத்துத் தருகிறேன் என்றாள். கம்பெனியில் ஜிப்பும் பெல்ட் மாட்டும் பட்டையும் இருக்கவேண்டும் என்றதும், அதெல்லாம் ஆம்பிளைத் தையல் என்று கையை விரித்துவிட்டாள். அதனால் கம்பெனியிலிருந்து வாங்கி வந்த துணியை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, அம்மா கடைத்தெருவில் இருந்த டைலர் பாயிடம் போனாள்.

பாய் தைத்த பேண்டுக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. போலீஸ்காரர்கள் காக்கித் துணியோடு அவரிடம்தான் வருவார்கள். புத்தூரிலிருந்தும் நாகலாபுரத்திலிருந்தும் மாப்பிள்ளைகள் வருவார்கள். அந்தக் கடைக்குள் ஒரு பெண், அதுவும் தனக்காக, ஏறி வந்ததில்லை. துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போடுகிற ஆள் எங்கே என்று கேட்டார்.

"நான்தான் பாய்," என்றாள் அம்மா.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். முடியாது என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தோன்றியது. சொல்லிவிட்டால் நல்லது என்றும் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் யாருக்காவது தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. ஆனால் அவர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நீ அளந்து சொல்லு பாப்பா."

கடைக்கதவில் ஒன்றைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். முதுகை எங்களுக்குக் காட்டியபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். இடுப்பில் சுற்று, இறுக்காதே, உன் விரல் ஒன்று உள்ளே போகவேண்டும். அடுத்தது சீட். சீட் என்றால் என்னவென்று நான் கேட்டேன். "உக்கார்ற எடம்மா," என்றார் சுவரைப் பார்த்து. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் சொன்ன எண்களை அவர் சுவரையொட்டிய மேசை விளிம்பில் சாக்பீஸால் எழுதிக்கொண்டே வந்தார். தொடையளவு சொன்னபோது மட்டும் கை நின்றது. டேப் பின்பக்கம் தொங்குது, தூக்கிப் பிடித்து மறுபடி பார் என்றார். அவர் சொன்னது சரி. தொங்கித்தான் இருந்தது. முதுகில் இவருக்குக் கண் இருக்கிறதோ என்று நான் வெகுநாள் சந்தேகப்பட்டேன்.

அளவெல்லாம் முடிந்த பிறகு திரும்பி உட்கார்ந்து, அம்மாவை ஸ்டூலில் உட்காரச் சொன்னார்.

"இன்னா வேலைம்மா அங்க? நின்னுக்கினு செய்யறதா, உக்காந்துக்கினு செய்யறதா?"

"நின்னுக்கினுதான் பாய். காருக்குள்ள வயரு போவுது இல்ல, அத்த கொத்துக்கொத்தா சேத்துக் கட்டறது. ஒரு பலகை இருக்கும். அதுல ஆணி ஆணியா இருக்கும். எந்தக் கலரு எந்த ஆணில போவணும்னு மனசுல இருக்கணும்."

"குனிவியா?"

"பெட்டிங்க கீழதான் இருக்கும். குனிஞ்சி குனிஞ்சி எடுக்கணும்."

"அப்ப பின்பக்கத்த கொஞ்சம் ஏத்தி வெக்கறேன். குனிஞ்சா எறங்காது."

அம்மா இன்னும் சொன்னாள். சிவப்பு வயரையும் ஆரஞ்சு வயரையும் மங்கின வெளிச்சத்தில் எப்படிப் பிரித்து அறிவது, ஒரு கொத்து முடிவதற்குள் அடுத்த பலகை வந்து நிற்பது, புடவையோடு அனுமதித்த பயிற்சி நாட்களிலேயே அவள் கை மற்றவர்களைவிட வேகமாக ஓடுகிறது என்று மேற்பார்க்கிற பெண் தெலுங்கில் மெச்சியது. இதில் ஒன்றையும் அவள் வீட்டில் சொல்லி நான் கேட்டதில்லை. யாரும் அவளைக் கேட்கவும் இல்லை.

கிளம்பும் நேரத்தில்தான் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். பேண்ட் புடவைக்குக் கீழே தெரியக்கூடாது. வீட்டிலிருந்து புடவையோடு போய்ப் புடவையோடு வரவேண்டும். ஆனால் கம்பெனிக்குள் கால் முழுக்க மூடியிருக்கவேண்டும். பாய் துணியின் ஓரத்தை மடித்தார், விட்டார், மறுபடி மடித்தார்.

"முழு நீளம் வெக்கறேன். உள்பக்கம் பிரஸ் பட்டன். மடிச்சி அமுக்கினா முழங்காலுக்குக் கீழ நின்னுக்கும். இழுத்தா எறங்கிடும். பாவாடையும் வேணாம். இடுப்புப் பட்டைய அகலமா, கெட்டியா வெச்சிடறேன். கொசுவத்த அதுலயே செருவிக்க."

யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றாள் அம்மா.

"போலீசுக்குத் தெச்சேன்னு சொல்லிக்கிறேன் போ," என்றார்.

போட்டுப் பார்ப்பதற்கு எங்களைக் கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்கு அனுப்பினார். அங்கே அவர் மனைவி அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, நடந்து காட்டச் சொன்னார். அம்மா புடவையில் நடப்பதுபோலவே சின்னச் சின்ன அடியாக வைத்தாள். "அட, கால வீசி நடம்மா, எது தடுக்குது?" என்றார் அந்த அம்மாள். அம்மா சமையலறையிலிருந்து வாசல்வரை ஒரு முறை வீசி நடந்தாள். திரும்பி வரும்போது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. குந்தி உட்கார்ந்தாள், குனிந்தாள், எம்பினாள். எங்கேயும் பிடிக்கவில்லை, எங்கேயும் தொங்கவில்லை. எனக்குப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் நான் அவர்கள் வீட்டுக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அம்மா வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் என் வேலை பட்டன். அவள் சுவரோரம் நிற்க, நான் முட்டிபோட்டுப் பேண்டின் காலை மடித்து அமுக்குவேன். படக், படக் என்று அது மாட்டிக்கொள்ளும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று இருமிக்கொள்வேன். அந்த நேரம் பார்த்து நைனா எப்போதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். தூங்குகிற மனிதர் அவ்வளவு அசையாமல் இருக்கமாட்டார் என்று யோசிக்கிற வயது எனக்கு இல்லை. அம்மா புடவையில் போனாள், புடவையில் வந்தாள். பெரியப்பா தறிக்கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்துத் திருப்தியடைந்தார்.

அந்த மழைக்காலத்தில் பெரியப்பாவின் மகனுக்கு டெங்கு வந்தது. அண்ணனைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் ஏதோ இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். எப்போதும் அதட்டிப் பேசும் பெரியப்பா அங்கே வராந்தாவில் வருகிற நர்ஸையெல்லாம் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அப்போதுதான் அவர் திருப்பதி கங்கம்மாவுக்கு வேண்டிக்கொண்டார். மகன் பிழைத்தெழுந்தால் அடுத்த ஜாத்திரையில் புடவை கட்டிக்கொண்டு உன் சன்னதிக்கு நடந்து வருகிறேன் தாயே என்று. அந்தத் திருவிழாவில் ஆண்கள் பெண்வேடம் போட்டு வேண்டுதல் தீர்ப்பது வழக்கம். எங்கள் குடும்பத்தில் அதற்கு ஒரு நியமமும் உண்டு. கடையில் வாங்கின புதுப்புடவை ஆகாது. வீட்டுப் பெண் உடுத்தின புடவையாக இருக்கவேண்டும்.

அண்ணன் பிழைத்தான். கோடையில் ஜாத்திரை வந்தது.

விடிகாலை ரயிலில் பெரியப்பா, பெரியம்மா, அண்ணன், நைனா, நான் எல்லோரும் கிளம்பினோம். அம்மாவுக்கு இரவு ஷிப்ட். லீவு கிடைக்கவில்லை. ஷிப்ட் முடிந்ததும் திருப்பதி போகிற கம்பெனிப் பேருந்தில் ஏறி நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. பெரியம்மாவின் பழுப்புநிறப் புடவை, வளையல், பூ எல்லாம் வைத்த பையைப் பெரியப்பா யார் கையிலும் கொடுக்கவில்லை. ரயிலில் அதை மேல் தட்டில் தானே வைத்தார். எல்லோரையும் பத்திரமாக இறக்கிவிட்டார். பையைத் தவிர எல்லாம் இறங்கிவிட்டது என்பது கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

நைனா ஸ்டேஷனுக்கு ஓடினார். சந்து முழுக்க வேடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மீசைக்காரர் ஒருவருக்கு அவர் மகள் வளையல் போட்டுக்கொண்டிருந்தாள். பெரியப்பா ஏற்கெனவே பக்கத்திலிருந்தவர்களிடம் வாங்கி முகத்தில் மஞ்சள் பூசி, மை தீட்டி, பொட்டு வைத்துக்கொண்டு, வேட்டியும் வெற்றுடம்புமாக நின்றார். வெயில் ஏறுவதற்குள் சன்னதியில் நிற்பதாக வேண்டுதல். சொன்ன வாக்குத் தவறினால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; எல்லோரும் அண்ணனையே பார்த்தோம். பெரியம்மா தன் புடவையைத் தருகிறேன் என்று அழுதாள். ஆனால் அவள் மாற்றிக்கட்டப் புடவை ஏது? கடைகள் இன்னும் திறக்கவில்லை. ஆண்கள் நெரிசலான அந்தச் சந்தில் மறைவிடம்தான் ஏது? நைனா வெறுங்கையோடு திரும்பி வந்தார். பெரியப்பாவின் முகத்தில் மஞ்சளின் மேல் வியர்வை கோடு கோடாக இறங்கியது.

அந்த நேரத்தில்தான் அம்மா வந்தாள். தூங்காத கண் சிவந்திருந்தது. நடந்ததைப் பெரியம்மா சொல்லச் சொல்லக் கேட்டாள். தோளிலிருந்த தன் பையை இறக்கி வைத்தாள்.

"மாமா, நான் தரேன்," என்றாள் பெரியப்பாவிடம்.

"இன்னாடி பேசற? அத்த குடுத்துட்டு நீ இன்னாத்த கட்டிக்குவ?" என்று பெரியம்மா பதறினாள்.

"எனக்கு இருக்குதுக்கா."

பையிலிருந்து நீலச் சட்டையை எடுத்து ரவிக்கையின் மேலேயே போட்டுக் கழுத்துவரை பட்டன் பூட்டினாள். கொசுவத்தை உருவினாள். புடவை அவளைச் சுற்றி அவிழ்ந்து கைக்கு வந்தது. பெரியப்பா பதறி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா குனிந்து பேண்டின் இரண்டு கால்களையும் இழுத்துவிட்டாள். படக், படக். இந்த முறை நான் இருமவில்லை. நைனா மட்டும் ஆச்சரியப்படாமல் நின்றார்.

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். பாதத்திலிருந்து மேலே பார்த்துக்கொண்டே வந்தார்.

"இது இன்னா?"

"கம்பெனி துணி மாமா."

"எத்தினி நாளா?"

"சேந்த நாள்லேர்ந்து."

அவர் வாயைத் திறந்தார். அவர் கோபத்தை நான் அறிவேன். தறிச்சத்தத்தையும் மீறிக் கேட்கும். ஆனால் கண்ணில் மையும் நெற்றியில் பெரிய பொட்டுமாக நிற்கிற மனிதருக்கு அந்தக் குரல் எங்கிருந்தும் வரவில்லை. அம்மா புடவையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் அவர் கைகளைத் தூக்கிக் கொடுத்தார்.

"கட்டு," என்றார்.

அம்மா கட்டிவிட்டாள். கொசுவம் எடுத்து, மடிப்பு நீவி, முந்தானையைத் தோளில் போட்டுவிட்டாள். நடக்கத் தொடங்கியதும் பெரியப்பாவுக்குப் புடவை காலைத் தடுக்கியது. கூட்டத்தில் இரண்டு தடவை விழப்போனார். "கொசுவத்த இப்பிடித் தூக்கிப் பிடிச்சிக்கினு நடங்க மாமா. சின்ன அடியா வெய்யுங்க," என்று அம்மா அவர் பக்கத்திலேயே வந்தாள். அவள் கால்கள் வீசி நடந்தன. அவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். சன்னதி நெருங்கும்போது பூக்கூடையோடு நின்ற ஒரு தெலுங்குக்கார அம்மாள் என் அம்மாவை ஏறிட்டுப் பார்த்து, "தொர வேஷமா தல்லி?", துரை வேடமா தாயே என்று கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டு நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள். அம்மாவும் பதிலுக்குக் கும்பிட்டாள். பெண்களைச் சீரழித்த ஒரு பாளையக்காரனைத் தேடிப் பிடிக்க கங்கம்மா பல வேடம் போட்டாள், கடைசியில் துரையாக, ஆண் உடையில் வந்துதான் அவனைப் பிடித்தாள் என்று நைனா என் காதில் சொன்னார். பெரியப்பாவும் அதைக் கேட்டிருக்கவேண்டும். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். சன்னதியில் அண்ணனின் தலையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதார்.

வேண்டுதல் முடிந்தபோது அம்மாவின் புடவை மஞ்சள் நீரில் தோய்ந்திருந்தது. கடைகள் திறந்துவிட்டன, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமா என்று நைனா கேட்டார். "வேணாம். தூக்கம் வருது. வூட்டுக்குப் போலாம்," என்றாள் அம்மா. ரயிலில் காலை நீட்டிக்கொண்டு நன்றாகத் தூங்கினாள். எதிரே பெரியப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

எங்கள் வீட்டில் எங்கே போனாலும் பெரியப்பா முன்னால் போவார். நாங்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் போவோம். ஆனால் அன்று நகரி ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்ததும் அவர் நின்றுவிட்டார். வேட்டியை அவிழ்த்துக் கட்டுவதுபோல ஏதோ செய்தார். "நீங்க நடங்க," என்றார். அம்மா முன்னால் நடந்தாள். அவளை ஒட்டினாற்போல் பின்னால் அவர் வந்தார்.

தெருவில் நுழைந்ததும் தண்ணீர்க் குழாயடியில் பேச்சு நின்றது. தறிக்குப் பாவு நூல் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் கையோடு அப்படியே நின்றார்கள். ஒரு வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மாவைப் பார்த்தவர்கள் அடுத்தபடியாக அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள். உடனே வேறு எங்கோ பார்த்தார்கள். அதே தெருவிலிருந்த எங்கள் அத்தை மட்டும் தன் வீட்டு வாசலிலிருந்து, "இன்னாண்ணா இது?" என்றாள்.

"கம்பெனிலேர்ந்து நேரா வருது. வழிய விடு," என்றார் பெரியப்பா.

அவர் அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததே இல்லை. வேண்டுதலுக்காகச் செருப்பைக்கூட விட்டு வந்தவர், தகிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்ததில் பாதம் பொரிந்துபோயிருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். கால் வலிக்கிறதா பெரியப்பா என்று கேட்டேன். ஆமாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் நானே ஓடிப்போய்க் குண்டானில் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்து, பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கொப்புளம்கூட இல்லை. பெரியப்பா ஏன் பொய் சொன்னார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.